கம்பிக்கு அந்தப் பக்கம்

புதுக் குஞ்சுகளை வாங்கி வந்த அன்றே பழைய கோழிகளோடு அவிழ்த்துவிடுகிற அவசரக்காரர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களிலும் பாதி காலி. இருந்தும் மிச்சமிருக்கும் வீடுகளின் பின்புறம் கம்பத்துக் கோழிகள் கிளறிக்கொண்டுதான் இருக்கின்றன.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்த ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர் 1920களின் தொடக்கத்தில் அதை ஆராய்ச்சியாக எழுதினார். தோட்டத்து வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய செய்தி அல்ல. புதுசு ஒன்று நுழைந்தால் அந்த வரிசை குலையும். எல்லாக் கோழியும் தன் இடத்தை மறுபடி கொத்தித்தான் பிடிக்கும்.

அதனால் கூட்டின் ஒரு மூலையைக் கம்பி வலையால் மறித்துக் குஞ்சுகளை அதற்குள் விடுவார் எங்கள் அத்தை. "தொறக்காத புள்ள, மூஞ்சி பழகட்டும்" என்பார். தீனியும் அங்கேயே தனி. முட்டைக் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சுகள் தின்றால் சிறுநீரகம் கெடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்ததைச் சில வாரம் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் தனியாக வைக்க வேண்டும். கொத்து வாங்கினால் இரத்தம் தெரியும், பயப்படுகிறோம். நோய் அப்படித் தெரிவதில்லை. இதை நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் கிளம்பிய காய்ச்சல், விற்று ஏற்றி அனுப்பிய பன்றிகளோடு புக்கிட் பெலாண்டோக் வந்து சேர்ந்தது. முதலில் கொசுக் காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் புது வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா என்ற நம் கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாடு முழுக்க 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள், இராணுவமும் இறங்கியது.

கோழிக்கு எமன் கழிச்சல் நோய். 1980களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில், வெயில் தாங்கும், தீனியிலேயே கலந்து போடக்கூடிய தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்கென்றே உருவாக்கினார்கள். ஊசியோடு கோழியைத் துரத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

கலப்பது எப்போதும் பொழுது சாய்ந்த பிறகு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எல்லாம் ஒன்றாகவே விழிக்கும். ஒருநாள் குஞ்சுகள் என்றால் அடைக்கோழியின் சிறகுக்குள் இரவில் நுழைத்துவிடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த குஞ்சை ஒற்றையாக விடக்கூடாது. அடி முழுவதும் அதற்கே விழும். தீனித் தட்டும் இரண்டு மூன்று இடத்தில் வேண்டும்.

அப்படியும் ஒரு கிழட்டுப் பெட்டை விடாமல் துரத்தும். பெரும்பாலோர் அடிபட்ட குஞ்சைத் தூக்கி ஒளித்துவைப்பார்கள். காயமில்லை என்றால் அத்தை துரத்துகிற பெட்டையைத்தான் சில நாள் வேறு கூண்டில் போடுவார். திரும்பி வரும்போது அதுதான் புதுசு.