லாடத்திற்கும் குளம்புக்கும் நடுவே

முதல் வெள்ளியன்று நடமாட இயலாத முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்வது, பங்குப் பணிகளுள் நமக்கு மிகவும் விருப்பமானது. கோயிலில் நாம் பேசுகிறோம், அவர்கள் கேட்கிறார்கள். வீட்டிலோ அவர்கள் பேசுகிறார்கள், நாம் கேட்கிறோம். சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், அரியலூர்ப் பக்கத்துக் கிளைக்கிராமம் ஒன்றில், மகன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெரியவரிடம் உபதேசியார் நம்மை அழைத்துச் சென்றார். திண்ணை மூலையில் மூடி கழன்ற தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதனுள்ளே குறடு, அரம், குளம்பு சீவும் கத்தி, கைப்பிடி தேய்ந்த சுத்தியல், ஒரு பழைய டப்பா நிறைய ஆணிகள், பாதி நிலாவைப்போல் வளைந்த சில இரும்புத் தகடுகள். நாம் நின்றுவிட்டோம். அந்தப் பெட்டியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம்.

இளைய வாசகர்களுள் பலர் லாடம் கட்டுவதைக் கண்டிருக்க மாட்டார்கள். குதிரையின் குளம்பு ஒற்றையானது; ஆகவே காலுக்கு ஒரு லாடம் போதும். மாட்டின் குளம்போ பிளவுபட்டது. காலுக்கு இரண்டு தகடுகளாக, ஒரு காளைக்கு எட்டு வேண்டும். பழக்கிய குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு நான்காவதைக் கொடுக்கும். காளை அவ்வாறு கொடுப்பது அரிது. கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். குளம்பின் வெளிச்சுவர் நமது நகத்தைப் போன்றது, அதற்கு வலியில்லை. அதற்குச் சற்று உட்புறம் வெளிறிய கோடு ஒன்று ஓடும். அக்கோட்டுக்கு அப்பால் உயிருள்ள சதை. ஆணி கோட்டுக்கு வெளியே இறங்கி, சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் தலைகாட்ட வேண்டும். அந்த நுனியை முறித்து மடக்கிவிடுவார்கள். கெட்டியான சுவரில் இறங்கும் ஆணி கணீரென ஒலிக்கும். சதைப்பக்கம் திரும்பினால் ஒலி மங்கிவிடும். நல்ல லாடக்காரருக்குக் கண்ணைவிடக் காதே பெரிது.

கரிசல் வயலில் மட்டும் உழும் மாட்டுக்கு லாடம் தேவையில்லை. சாலையில் பாரம் இழுக்கும் மாட்டுக்கு அது இன்றியமையாதது. ஆனால் இரும்பு குளம்பைத் தேயாமல் காக்குமே தவிர, அதிர்ச்சியிலிருந்து காக்காது. தார்ச்சாலையில், அதிலும் ஆணித்தலைகள் தேய்ந்தபின், அது வழுக்கவும் செய்யும். இறைவன் மாட்டின் குதிப்பகுதியில் கொழுப்பாலான மெத்தை ஒன்றை வைத்தே படைத்திருக்கிறார். குதிரையின் உள்ளங்காலிலும் ரப்பர்போல் அமுங்கிக்கொடுக்கும் ஆப்பு வடிவப் பகுதி உண்டு. எசாயா தமது 5ஆம் அதிகாரத்தில் எதிரியின் குதிரைக் குளம்புகளைக் கடுங்கல்லுக்கு ஒப்பிட்டது, ஆணி அடித்த லாடம் பரவாத காலத்தில். குளம்பு கல்லாயிருந்தால் போதும் என்ற காலம் அது.

கல்லுக்குள்ளும் நோவு உண்டு என்பதை உழைப்பாளி மக்கள் வெகுகாலமாகவே அறிந்திருக்கிறார்கள். உரோமை வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, காலில் காயம்பட்ட எருதுக்கு நாணல் போன்ற ஒருவகைப் புல்லால் பின்னிய காலுறை அணிவிக்கச் சொன்னார். ஜப்பானில் குதிரைகளுக்கு வைக்கோல் செருப்புக் கட்டினார்கள். அது தேய்ந்ததும் வழியோரம் எறிந்துவிட்டு வேறொன்று கட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு நகரங்களின் சாலைகள் வழவழப்பானபோது, வண்டிக்குதிரைகள் வழுக்கி விழுந்து காலொடிந்தன. அப்போதுதான் லாடத்தோடு சேர்த்து அடிக்கும் ரப்பர் மெத்தைகள் பெருகின. அதற்கு முன்பே தோல் மெத்தை வழக்கிலிருந்தது. குளம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு துண்டுத் தோல், அவ்வளவே. இன்றும் கடினச் சாலையில் ஓடும் குதிரைகளுக்கு இத்தகைய மெத்தைகளை அடிக்கிறார்கள். வழுக்காதிருக்க லாடத்தில் கடும் உலோக முனைகளைப் பதிப்பதும் உண்டு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. காற்றடைத்த டயரை 1888இல் காப்புரிமை பெற்று உலகுக்குத் தந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதைச் செய்தார். பின்னாளில் நமது ஊர்களில் மரச்சக்கர வண்டி போய் டயர் வண்டி வந்தது. பாரம் இரண்டு மடங்காயிற்று. சக்கரத்துக்கு மெத்தை கிடைத்தது. மாட்டு வைத்தியரின் கண்டுபிடிப்பால் மாட்டின் சுமைதான் கூடியது!

நமது தந்தையார் வைத்திருந்ததும் டயர் வண்டிதான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே இருந்த காலம் அது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகப் பிரிந்தது. நாம் எட்டாம் வகுப்புப் படித்த 1984இல், தை மாதக் கரும்பு வெட்டை நம்பியே நமது வீடு நடந்தது. இறையூர் ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டிகளில் நமது வண்டியும் ஒன்று. சோடியில் வலப்பக்கத்து மாடு மயிலை, இடப்பக்கத்துக்குச் செவலை.

ஐப்பசியில் மயிலையின் முன்னங்கால் உள்ளங்குளம்பில் ஜல்லிக்கல் குத்தி இரத்தம் கட்டிக்கொண்டது. லாடக்காரர் வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். சீவிப் பார்த்துவிட்டு, நல்ல கனமான தோல் ஒரு துண்டு கிடைத்தால் லாடத்துக்கடியில் வைத்து அடித்துவிடலாம், மாடு ஊன்றி நடக்கும், தைக்குள் தேறிவிடும் என்றார். தோலுக்கு எங்கே போவது? தந்தையார் உள்ளே சென்று தமது தோல்செருப்பை எடுத்து வந்தார். ஞாயிறு பூசைக்கும் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருவிழாவுக்கும் மட்டும் அணிவது அது. அரிவாளால் ஒரு செருப்பின் அடித்தோலை அறுத்துக் கொடுத்தார். அதன்பின் நெடுநாள் அவர் வெறுங்காலோடுதான் கோயிலுக்கு வந்தார். பள்ளித்தோழர்கள் பார்க்கிறார்களே என்று நாம் வெட்கப்பட்டதை மறைப்பதற்கில்லை.

மெத்தை வைத்தால் காவலும் வைக்க வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. தோலுக்கும் குளம்புக்கும் நடுவே சேறும் சாணியும் புகுந்தால் ஈரம் வெளியேறாது, உள்ளே அழுகும். அதனால் நாள்தோறும் மாலையில் காலைக் கழுவி, துணியால் ஒற்றி, விளிம்பை முகர்ந்து பார்த்து, வேப்பெண்ணெய் விட்டு, உலர்ந்த மணலில் கட்ட வேண்டும் என்று லாடக்காரர் சொன்னார். நாற்றம் வந்தால் உடனே தமக்குச் சொல்லியனுப்பச் சொன்னார். அப்பணி நமக்கு இடப்பட்டது. "பாத்துக்குவியாடா தம்பி?" என்று அவர் நம்மைக் கேட்டதும், நாம் தலையாட்டியதும் இன்றும் நினைவில் இருக்கின்றன.

நான்கைந்து நாள் செய்தோம். பிறகு அடைமழை பிடித்தது. பள்ளியில் பந்தாட்டம், இளங்குருமடத்துக்குத் தேர்வு எழுதப்போகிறோம் என்ற பெருமிதம் வேறு. மழையில் நனைந்து மாட்டுக் கொட்டகைக்குச் செல்லச் சோம்பலாயிருந்தது. "மயிலைக்குக் கால் பாத்தியாய்யா?" என்று தந்தையார் கேட்பார். "பாத்தேன்ப்பா" என்போம். ஏறத்தாழ இரண்டு வாரம் அப்படிச் சொன்னோம். ஒரு நாள் காலையில் மயிலை எழவில்லை. லாடத்தைப் பிடுங்கியபோது எழுந்த நாற்றத்தை நாம் எழுத வேண்டியதில்லை. ஆணித்துளைகளின் ஓரமெல்லாம் சீழ். பார்த்தவர்கள், ஆணி சதையில் இறங்கிவிட்டது என்றார்கள். தந்தையாரும் அப்படியே நம்பினார். நாம் கொட்டகையின் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு சொல் போதுமாயிருந்தது, சொல்லவில்லை.

மயிலை சந்தைக்குப் போயிற்று. நொண்டி மாட்டைச் சந்தையில் யார், எதற்காக வாங்குவார்கள் என்பதை அந்த வயதிலும் நாம் அறிந்திருந்தோம். சோடி பிரிந்த செவலை பல நாள் தீவனத்தில் வாய்வைக்கவில்லை. அவ்வாண்டு கரும்பை வாடகை மாட்டில் அடித்தார்கள். மறு ஆண்டு நாம் குருமடத்துக்குப் போய்விட்டோம்.

லாடக்காரர்களுக்குப் பாதுகாவலர் புனித எலிஜியுஸ். 660இல் இறந்த நொயோன் ஆயர் அவர். டிசம்பர் 1 அவரது திருநாள். முரட்டுக் குதிரையின் காலைத் தனியே கழற்றியெடுத்து, லாடம் அடித்து, சிலுவை அடையாளம் வரைந்து மீண்டும் பொருத்தினார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. பிளாரன்ஸ் நகரின் ஓர்சன்மிக்கேலே ஆலயச் சுவரில் நன்னி தி பாங்கோ இக்காட்சியைச் செதுக்கியிருக்கிறார். அந்நகரின் கொல்லர் சங்கத்தார் செய்வித்தது அது. அவர் காலத்தில் ஆணி அடித்த லாடம் பரவியிருந்ததா என்பதே ஐயம். குருமடத்தில் இக்கதையைப் படித்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கழற்றிக் கையிலெடுத்து, குறை எங்கே என்று திருப்பிப் பார்த்து, மீண்டும் பொருத்த முடியுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றே தோன்றியது.

பொய் சொன்னதைக் குருமடத்தின் முதலாண்டிலேயே ஒப்புரவில் அறிக்கையிட்டுவிட்டோம். ஒழுக்க இறையியல் வகுப்பில் புனித அக்குவினாரின் 'ஈடு செய்தல்' பகுதியைப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பிறரது பொருளைத் திருப்பித் தருவதுபோலவே நற்பெயரையும் திருப்பித் தரவேண்டும் என்று விடைத்தாளில் எழுதியபோதுகூட, அது லாடக்காரரைக் குறித்தது என்று நமக்கு உறைக்கவில்லை. மாட்டுக்குச் செய்த தீங்கு என்றே அதை எண்ணியிருந்தோம். படிப்பு சில வேளைகளில் இப்படித்தான் குளம்பின் வெளிச்சுவரோடு நின்றுவிடுகிறது.

அன்று திண்ணையில் நற்கருணை வழங்கி, செபித்து முடித்தபின், நாம் இன்னாரின் மகன் என்று சொன்னோம். பெரியவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்த மயிலை மாட்டு வூடா சாமி?"

ஆம் என்றோம். அதன்பின் அவர் பேசியது ஏறத்தாழ அரைமணி நேரம். அது திண்ணையில் கேட்டது; ஒப்புரவில் கேட்டிருந்தால் இக்கட்டுரை இல்லை. எழுத அவரிடம் இசைவும் பெற்றோம். ஊரும் பேரும் வேண்டாம் என்றார்.

மயிலைக்குப்பின் நமது தெருவில் எவரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த தெருவும் நிறுத்திக்கொண்டது. 'மாட்டைக் கெடுத்தவன்' என்ற பேர் அவருக்கு முன்னே ஊர் ஊராய் நடந்தது. இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றும் கூலி வேலைக்குப் போய்விட்டார். டிராக்டர் வந்து எப்படியும் அத்தொழிலை விழுங்கியிருக்கும் என்று நமக்கு நாமே சொல்லிப் பார்த்தோம். அது உண்மைதான், ஆனால் டிராக்டர் எடுத்துக்கொண்டது அவரது தொழிலை, பெயரை அன்று.

"நாப்பது வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன் சாமி. எந்த ஆணி தப்பாப் போச்சுன்னு புரியல. பாவம், வாயில்லாத சீவன்."

இன்று கால்நடை மருத்துவர்கள் மாட்டின் ஒரு குளம்பு நோயுற்றால், அதே காலின் மற்றொரு குளம்பில், நல்ல குளம்பில், மரக்கட்டையோ ரப்பர்க் கட்டையோ ஒட்டி உயர்த்திவிடுகிறார்கள். நோயுற்றது தரையில் படாமல் ஓய்வு கொள்ள, பாரம் முழுவதையும் நல்லது தாங்குகிறது. இதை அண்மையில் ஒரு மருத்துவர் பால்மாட்டுக்குச் செய்தபோது பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரை யாரும் கேட்டு ஏற்றிவைக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அவரிடம் சொன்னோம். கால் கழுவாததை, முகர்ந்து பாராததை, தந்தையாரிடம் இரண்டு வாரம் பொய் சொன்னதை, கொட்டகை வாயிலில் வாய்மூடி நின்றதை. பலருக்கு மன்னிப்பு வழங்கிப் பழகிய வாய்க்கு, மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் கோணலாகவே வந்தது. உபதேசியார் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

"அப்ப ஆணி இல்லீங்களா சாமி?"

"ஆணி இல்லை, பெரியவரே."

அவரது வலக்கை விரல் திண்ணையின் சிமிட்டித் தரையைத் தட்டியது. மெல்ல இரண்டு, ஓங்கி ஒன்று, மீண்டும் மெல்ல இரண்டு.

"சத்தம் நல்லாத்தான் வந்துச்சு. வலது முன்னங்கால், வெளிக்குளம்பு. அன்னிக்கே நெனச்சேன், சத்தம் நல்லா வந்துச்சேன்னு."

அடுத்த ஞாயிறு நமது பிறந்த ஊருக்குச் சென்று, பழைய தெருவில் உயிரோடிருக்கும் நான்கைந்து பெரியவர்களிடம் வீடு வீடாக இதைச் சொல்லி வந்தோம். அவர்களுள் இருவருக்கு மயிலையே நினைவில்லை. ஒருவர் மட்டும், "அந்தாளத் திட்டாத திட்டு திட்டுனேனே சாமி" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்று திண்ணையில் நாம் எழ முற்பட்டபோது, பெரியவர் கையமர்த்தினார். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டு, சாமிக்குக் காப்பி போடச் சொன்னார், சர்க்கரை தூக்கலாக.