மேம்பாலத்தை இடித்து ஓடையை மீட்டார்கள்!

ஸியோல் நகரத்தின் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் நம் சென்னைக்குச் சற்றும் சளைத்ததல்ல. 2018 ஆகஸ்ட் 1-ந் தேதி அங்கே 39.6 டிகிரி செல்ஷியஸ் கொளுத்தியிருக்கிறது! மகள் வீட்டுக்குப் போயிருந்த எனக்கு மத்தியானம் வெளியே தலைகாட்டவே பயம். ரத்தக் கொதிப்புக்காரி ஆயிற்றே!

"ஓடைப் பக்கம் போலாம் வாம்மா. அங்கே இவ்வளவு சுடாது" என்றாள் மகள்.

சொங்கேசொன் என்று பெயர். சாலையிலிருந்து படியிறங்கினால் முழங்கால் அளவுத் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. கரையில் நாணலும் செடிகொடிகளும். பாட்டிமார், ஆபீஸ்காரர்கள், வாண்டுகள் எல்லோரும் காலை நனைத்தபடி இருக்கிறார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாடா! மேலே இரைந்த கார்ச் சத்தம்கூட அடங்கிப் போச்சு.

ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த ஓடையாம் இது. 1950-53 யுத்தத்துக்குப் பிறகு கரையெல்லாம் குடிசைகள், தண்ணீரெல்லாம் சாக்கடை. 1958-லிருந்து கான்கிரீட் போட்டு மூடினார்கள். அதன்மேல் மேம்பாலச் சாலையும் வந்தது. 2003-ல் துணிந்து அதை இடித்து, 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்கள்.

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்றிருக்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இங்கேயும் அதே கதைதான். தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி கக்கும். தண்ணீரும் செடியும் அப்படிச் செய்வதில்லை. காற்று ஓடவும் ஒரு வழி கிடைத்தது. கோடையில் அளந்து பார்த்ததில், சில தெருக்கள் தள்ளியுள்ள சாலையைவிட ஓடையோரம் 3.3 முதல் 5.9 டிகிரி வரை சூடு குறைவு!

"தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். ஹான் நதியிலிருந்தும், சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நீரிலிருந்தும் தினம் சுமார் 1,20,000 டன் பம்ப் செய்கிறார்களாம். இதற்கு இயற்கை ஓடை என்று பெயரா என்று அங்கேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வெந்துபோன காலுக்கு அந்தத் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது.

என் மனதை உறுத்தியது வேறு. கரையோரம் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளைக் கிளப்பி, டோங்டேமுன் ஸ்டேடியத்தில் இடம் கொடுத்தார்கள். பிறகு அந்த ஸ்டேடியத்தையும் இடித்தாயிற்று. அவர்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். குளிர்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலை எந்தக் கணக்கில் சேரும்?

கிழக்கே வெகுதூரம் நடந்தால், பழைய மேம்பாலத்தின் மூன்று தூண்களை மட்டும் ஞாபகார்த்தமாக விட்டுவைத்திருப்பதைப் பார்க்கலாம். போகிறவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலமாகக் கிளம்பினால் உத்தமம்.