ஆச்சியும் சைலன்சரும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனவன் என்ன பண்ணினான் என்று கேட்ட நண்பர்களுக்கு: மூன்று நாள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கிடந்தேன். நம்பித்தான் ஆகவேண்டும், கை இன்னும் கருப்பாக இருக்கிறது :-)

எங்கள் கார் 2009-ல் அப்பா வாங்கிய மாருதி 800. (அந்த மாடல் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. எங்கள் வீட்டில் மட்டும் அது இன்னும் 'புது வண்டி'.) கொஞ்ச நாளாக டிராக்டர் மாதிரி சத்தம். அப்பா தெருமுனையில் திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவாள். "சத்தந்தானே, ஓடுதுல்லா" என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

இதில் சிரிக்காத ஒரே ஆள் ஆச்சி. பாளையங்கோட்டையிலிருந்து டவுனில் நெல்லையப்பர் கோயில் போய்ச் சேருவதற்குள் பின்சீட்டில் தலையைப் பிடித்துக்கொள்வாள். குமட்டல் வேறு. இறங்கிப் பிரகாரத்தில் கொஞ்சம் நடந்தால் தெளிந்துவிடும். ஆச்சிக்குக் கார் ஒத்துக்காது என்று வீடே முடிவு கட்டிவிட்டது. "பல்லக்கு கொண்டு வரட்டா ஆச்சி?" என்று கிண்டல் பண்ணியது நான்தான்.

இந்த லீவில் அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "பஸ்ஸுல போனா ஒண்ணுஞ் செய்யலியே, ஏன்ல?"

எனக்குப் பக்கென்றது. நான் கெமிஸ்ட்ரி மாணவன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், தலைவலியும் குமட்டலும்தான் முதலில் வரும். இதை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆச்சிக்கு அதுதானா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் பின்சீட்டு மேட்டைத் தூக்கினால், தரையில் ஒரு ரப்பர் அடைப்பு கழன்றுபோய், அந்த ஓட்டை வழியே சிமெண்டுத் தரை தெரிகிறது! கீழே குனிந்து பார்த்தால் குழாயில் ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரி. கன்வர்ட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சூடேறும் வரை சரியாக வேலை செய்யாது. எங்கள் வண்டி ஓடுவதெல்லாம் குட்டிக் குட்டி தூரம்தான்.

அன்றோடு காருக்கு ஓய்வு. ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். சாமானை வாங்கி நாமே மாட்டலாம் என்றேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துவீட்டு அண்ணாச்சி (ரிட்டயர்டு மெக்கானிக்) ஒரே நிபந்தனை போட்டார். "ஜாக்கிய நம்பி அடியில போவக்கூடாது. செங்கல்லும் கிடையாது, ஹாலோ பிளாக்கும் கிடையாது." அவரே இரண்டு ஸ்டாண்டு கொடுத்தார். சக்கரத்துக்கு அண்டைக்கல், காலேஜ் லேபில் போடுகிற கண்ணாடி, பழைய பாய். ஆபரேஷன் ஆரம்பம்.

முதல் நாள் முழுக்க வேலையே இல்லை. துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் அடித்துவிட்டு ராத்திரி ஊறவிட்டோம், அவ்வளவுதான். மறுநாள் இரண்டு நட்டு வழிக்கு வந்தன. மூன்றாவது போல்ட் டக்கென்று ஒடிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தார். மிச்சத் துண்டை ஆக்சா பிளேடால் அறுத்து, தட்டி எடுக்க மூன்று மணி நேரம். கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் கண்ணில் கால் கிலோ துரு. குழாயைத் தாங்குகிற ரப்பர் வளையங்கள் மட்டும் சோப்புத்தண்ணி பட்டதும் சமர்த்தாக வழுக்கிக்கொண்டு வந்தன.

கழற்றின பழைய சைலன்சரைச் சாய்த்தபோது அதிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் கொட்டியது. மழைத்தண்ணி என்றார் அப்பா. இல்லை, பெட்ரோலே தண்ணீராகிறது. ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். தூரமாக ஓட்டினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்தால் உள்ளேயே நிற்கும், உள்ளிருந்தே அரிக்கும். வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்த அப்பாவுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

மாட்டுவதில் ஒரு தப்பு செய்தேன். முன்பக்க நட்டை முதலிலேயே இறுக்கிவிட்டதால் பின்குழாய் கோணிக்கொண்டு பம்பரில் இடித்தது. எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, நேராக்கி, பிறகுதான் எஞ்சின் பக்கமிருந்து இறுக்கிக்கொண்டே வரவேண்டுமாம். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், முடிகிற வரை சொல்லவில்லை! புது கேஸ்கெட், புது போல்ட், தரை ஓட்டைக்கும் புது ரப்பர். வண்டியைத் தெருவுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சோப்புத்தண்ணி தடவிப் பார்த்தோம். முதல் இணைப்பில் குமிழி வந்தது. அணைத்து, ஆறவிட்டு, இன்னும் அரைச் சுற்று. அப்புறம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை டவுனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் வழக்கம்போல் டிராபிக், வண்டி நின்றுவிட்டது. எனக்கு ரோட்டைவிடக் கண்ணாடியில் தெரிகிற பின்சீட்டுதான் முக்கியம். ஆச்சி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தலைக்குப் போகவில்லை.

"ஏல, வண்டி ஆஃப் ஆயிட்டா?"

"இல்ல ஆச்சி, ஓடிக்கிட்டுதான் இருக்கு."