32767-க்கு அப்புறம் என்ன?

சி மொழி படிக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் வரும். ப்ரோக்ராமில் தப்பே இருக்காது, ஆனால் ஓடாது! மண்ணூரில் இருந்து கல்லூரிக்குப் போய்வந்த ஒரு இரண்டாமாண்டு மாணவனுக்கு அந்த நாள் ப்ராக்டிகல் எக்ஸாம் அன்றைக்கே வந்தது.

கேள்வி ரொம்ப சிம்பிள். 1 முதல் 40,000 வரை எத்தனை பகா எண்கள்? வீட்டில் லினக்ஸில் ஜிசிசி வைத்து இதையே நாலு தடவை போட்டுப் பார்த்திருந்தான். லேபில் இருந்தது 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி. அதே ப்ரோக்ராம், அதே எழுத்துக்கள். ரன் கொடுத்தான். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது... நிற்கவே இல்லை. "லூப் கண்டிஷனைப் பாருப்பா" என்றார் எக்ஸ்டர்னல். பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பாதி மார்க் போச்சு.

அண்ணன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ராத்திரி வந்தவரிடம் புலம்பினான். அவர் சிரித்துவிட்டு, "எங்க லைன்லயும் அப்படித்தான்டா. பட்டன் அமுக்கத் தெரிஞ்சவன் ஆப்பரேட்டர். மெஷின் நின்னுட்டா அவன் கையைக் கட்டிட்டு நிக்கணும். மூடியைத் திறந்து பாக்கறவன்தான் மெயின்டெனன்ஸ்" என்றார்.

மூடியைத் திறக்கும் சாவி அவனிடமே இருந்தது, 8085 கிட் ரூபத்தில்! அந்த லேபில் ஒவ்வொரு கட்டளைக்கும் டேபிளைப் பார்த்து எண் போடுவார்கள். கூட்டு என்றால் 80, நினைவகத்தில் வை என்றால் 32, நிறுத்து என்றால் 76. அசெம்பிளர் செய்யும் வேலையைத்தான் மாணவர்கள் கையால் செய்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த கிட்டில் 255-உடன் 1-ஐக் கூட்டினால் டிஸ்ப்ளேயில் வருவது 00. எட்டு பிட் நிரம்பியாச்சு, மிச்சம் கேரி ஃப்ளாக்குக்குப் போயாச்சு.

அங்கேதான் பொறி தட்டியது. டர்போ சி-யில் இன்ட் என்பது 16 பிட். அதன் உச்சம் 32767. அதோடு ஒன்று கூட்டினால் மேல் பிட் 1 ஆகி, எண் -32768 ஆகிவிடும். 40,000-ஐத் தொடவே தொடாது. அப்புறம் லூப் எப்படி நிற்கும்? ஜிசிசி-யில் இன்ட் 32 பிட், அதனால் வீட்டில் ஓடியது.

இது சி மொழியின் தப்பா? இல்லை. 1972-ல் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி இது. பலவகை இயந்திரங்களில் ஓட வேண்டும் என்பதால் இன்ட் குறைந்தது 16 பிட் இருந்தால் போதும் என்கிறது தரநிலை, மிச்சத்தை கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. "இன்ட் எத்தனை பைட்?" என்று வைவாவில் கேட்டால் சரியான பதில் 2-ம் இல்லை, 4-ம் இல்லை. "எந்த கம்பைலர் சார்?" என்பதுதான் :-)

அன்றிரவே ஜிசிசி-யில் மைனஸ் எஸ் போட்டு, தன் ப்ரோக்ராம் அசெம்பிளியாக மாறுவதைப் பார்த்தான். மூவ், ஆட், கம்பேர், ஜம்ப். லூப் என்று தனியாக ஒன்றும் இல்லை, பின்னால் தாவும் ஒரு ஜம்ப் மட்டும்தான். இரண்டு எண்களைக் கூட்டும் குட்டி ப்ரோக்ராமை ஆப்டிமைஸ் செய்யச் சொன்னால் கூட்டலையே காணோம்! விடையை கம்பைலரே போட்டு வைத்திருந்தது.

2018-ல் சென்னை ஐஐடி-யின் சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை, கட்டளைகளே வேறு. ஆனாலும் அதே சி ப்ரோக்ராமை அதற்கும் கம்பைல் செய்யலாம். நடுவில் நிற்கும் கம்பைலரின் மகிமை!

போன மார்க் திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த செமஸ்டரில் யார் ப்ரோக்ராம் நின்றாலும் கூப்பிட்டது அவனைத்தான். நீங்களும் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்களேன்.