ஏ-35 வீதியோரத்தில் மீண்டும் ஓடும் தையல் மெசின்கள்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தப் பெயர்களைக் கேட்டாலே எம்மில் பலருக்கு 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்கள் நினைவுக்கு வரும். சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் ஏற்றிய வீட்டுச் சாமான்களை இந்த வீதி நெடுகிலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டே மக்கள் நடந்தார்கள். சிலர் திரும்பி வருவோம் என்று கிணற்றடியிலும் பதுங்கு குழியிலும் புதைத்துவிட்டுப் போனார்கள்.

மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை மக்கள் சிறிது சிறிதாக மீளக்குடியமர்ந்தனர். கூரையில்லாத வீடுகளும் துருவேறிய சைக்கிள் குவியல்களுமே அவர்களுக்காகக் காத்திருந்தன.

வேலை நிமித்தம் இந்த வீதியால் அடிக்கடி போய்வருகிறேன். உடையார்கட்டில் ஒரு அக்கா, பொலித்தீனால் சுற்றிப் புதைத்த தையல் மெசினைத் திரும்பி வந்ததும் கிண்டி எடுத்தவர். சில்லு அசையவில்லை. அவர் அதை அடித்துத் திருப்பவில்லை. மூட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தார். பிறகு கையால் மெதுவாகத் திருப்பித் துருவைத் துடைத்து, மெசின் எண்ணெய் விட்டார். புதிதாக வாங்கியவை பெல்ற்றும் ஊசியும் பொபின் கேசும் மட்டுமே. இன்று அதில் பாடசாலைச் சீருடை தைக்கிறார். தவணைக்குப் புதிய மெசின் தருவதாக வீட்டுக்கு வந்து கேட்டவர்களும் உண்டு. "மெசின் எங்க தங்கச்சி செத்தது? பெல்ற்தானே அறுந்தது" என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்பின் பெறுமதி பெரியது. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல, நுண்கடனின் வாராந்தத் தவணையில் சிக்கித் தவித்ததை இவ்வீதியோரக் கிராமங்கள் கண்டிருக்கின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியபோது, பழையதைத் திருத்தத் தெரிந்த வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. திருத்துவது எமக்குப் புதிதுமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்கெரித்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம்.

சகோதரிகளே, எதையும் எறிவதற்கு முன் "பழுதானது முழுப் பொருளா, ஒரு பாகமா?" என்று கேளுங்கள். பழுதான பாகத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் வாங்குங்கள். தையல் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது பிசின்போல் இறுகிவிடும். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட அரத்தாளும் பசையும் பழைய ரியூப் துண்டும் போதும். வெடித்த பிளாஸ்ரிக் கதிரையை, சூடாக்கிய ஊசியால் துளையிட்டு நைலோன் நூலால் தைக்கலாம்.

சிலவற்றை மட்டும் திருத்த வேண்டாம். ஓட்டையான சமையல் பாத்திரத்தை ஈயப்பற்று வைத்து அடைத்தால் ஈயம் உணவில் கலக்கும். அதில் செடி நடலாம். உறை கழன்ற மின்வயரை மாற்றியே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிப்பாகம் தேடிப் பற்றைக்குள் கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். வெடிபொருள் இருக்கக்கூடும்.

உங்கள் மாதர் சங்கத்தில் ஒருவர் சைக்கிள் வேலையும் இன்னொருவர் மெசின் வேலையும் பழகினால், ஒரு கிராமமே ஆள் தேடி அலையத் தேவையில்லை. திருத்துக் கூலியும் ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய்ச் சேரும்.