பாதி மூடிய கண்



அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் வரைந்த படம் ஒன்று விலைபோன நாளிலிருந்து, குருமனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஐயா, நீங்கள் படம் வரைவீர்களா?" ஒளித்து வைத்த குற்றம் ஒன்று வெளிப்பட்டதுபோல் ஒவ்வொரு முறையும் கூச்சப்படுகிறேன். ஒளித்து வைத்திருந்தது உண்மைதான். ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பதினொரு ஆண்டுகளாக வரைகிறேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. தொடங்கிய இடத்தைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நீண்ட கூட்டம் ஒன்றில் கணக்கறிக்கை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த குருவானவர் ஒருவருடைய காதை அந்த அறிக்கையின் பின்பக்கத்தில் வரைந்தேன். காது அத்தனை மடிப்புகள் கொண்டது என்று அதுவரை எனக்குத் தெரியாது. காதுகளை நோக்கிப் பேசுவதே தொழிலாகக் கொண்ட நான் ஒரு காதையும் அதுநாள்வரை பார்த்திருக்கவில்லை.

பிறகு அது பழக்கமாயிற்று. 2பி, 4பி பென்சில்கள் இரண்டு, ஓர் அழிரப்பர், கோடு போடாத நோட்டு ஒன்று. பிரசங்கக் குறிப்புகள் நோட்டின் முன்பக்கத்திலிருந்து வளரும். படங்கள் பின்பக்கத்திலிருந்து வளரும். சில மாதங்களில் இரண்டும் நடுவில் சந்தித்துக்கொள்ளும். மருத்துவமனையில் நோயாளி கண்ணயர்ந்தபின் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியை வரைந்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் சாக்குமூட்டைமேல் தலைசாய்த்துத் தூங்கியவரை வரைந்திருக்கிறேன். அவர் விழிப்பதற்குள் வலது கையை முடிக்க முடியவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்கலாம். குருவானவருடைய நேரம் சபையின் நேரம் என்று பழக்கப்பட்டவன் நான். ஜெபத்துக்கோ வீடு சந்திப்புக்கோ உரிய ஒரு மணி நேரத்தை ஒரு பனைமரத்துக்குக் கொடுத்தேன் என்று யாரிடம் சொல்வது? இப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், யாராவது பார்த்து 'நன்றாக இல்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமே பெரிது.

பனையை வரைவது எளிது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஒரு கம்பம், அதன்மேல் ஒரு விசிறி. ஆறு மாதம் அப்படியே வரைந்தேன். குதிரைமொழித் தேரியின் செம்மண் ஓரத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியபின்தான் மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டிற்று. மட்டை விழுந்த தழும்புகள் தண்டு நெடுக வளையம் வளையமாக ஏறுகின்றன. ஆள் ஏறுகிற மரத்தில் அவை தேய்ந்து வழவழத்திருக்கும். ஏறாமல் விட்ட மரத்தில் காய்ந்த ஓலைகள் கழிக்கப்படாமல் கழுத்தைச் சுற்றித் தொங்கும். இப்போது நம் பக்கத்தில் இரண்டாம் வகை மரங்களே மிகுதி என்பதை நோட்டைப் புரட்டினால் அறியலாம். ஓலையை ஓலையாக வரைய முயன்றால் வராது. இரண்டு ஓலைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தின் வடிவத்தை வரைந்தால் ஓலை தானாக வந்துவிடும். இதை நானாகக் கண்டுபிடித்ததாகச் சில நாள் பெருமைப்பட்டேன். பிறகு படம் வரையப் பழக்கும் புத்தகம் ஒன்றில் அது தொடக்கப் பாடமாகவே இருந்தது.

லிலியாஸ் ட்ராட்டர் என்ற ஆங்கில அம்மையாரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1876இல் வெனிஸ் நகரத்தில் அவருடைய படங்களைப் பார்த்த ஜான் ரஸ்கின் என்னும் பெரிய கலை விமரிசகர் அவரை மாணவியாக ஏற்றுக்கொண்டார். கலைக்கே உன்னை முழுவதுமாகக் கொடு என்று கேட்டார். அம்மையார் அதற்கு இணங்கவில்லை. 1888இல் அல்ஜீரியாவுக்கு மிஷனெரியாகப் போய், 1928இல் மரிக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். இந்தக் கதையை 'ஊழியத்துக்காகக் கலையைத் துறந்தவர்' என்று நாம் மேடையில் சொல்லுவதுண்டு; நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் துறக்கவில்லை. பாலைவனத்துப் பூக்களையும் மணல்மேடுகளையும் மனிதர்களையும் தம் நாட்குறிப்புகளில் சிறு சிறு வண்ணப்படங்களாகத் தீட்டிக்கொண்டே இருந்தார். இது தெரியவந்த நாளில் எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல.

யாத்திராகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படுகிற பெசலெயேல் ஆசாரியன் அல்லன், கைவேலைக்காரன். குத்துவிளக்கின் கிளைகளில் வாதுமைப் பூவின் வடிவம் இருக்கவேண்டும் என்பது கட்டளை. அப்படியானால் எகிப்திலோ வழியிலோ யாரோ ஒருவன் ஒரு வாதுமைப் பூவை நெடுநேரம் உற்றுப் பார்த்திருக்கவேண்டும். அந்த நேரத்தை வீண் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி ஏலத்துக்கு வருகிறேன். என் மனைவி, என்னிடம் கேளாமலே, ஒரு பனைமரப் படத்தைக் காணிக்கைப் பொருள்களோடு வைத்துவிட்டார்கள். அது 650 ரூபாய்க்குப் போயிற்று. அதற்கு அடுத்து வந்த பூசணிக்காய் 900. நான் தலைகுனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிலர் தாழ்மை என்று எண்ணியிருப்பார்கள். எனினும் அன்றைக்கு ஏதோ ஒரு கதவு திறந்தது. அந்த வாரமே பள்ளி மாணவி ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், முப்பது ஆண்டுகளாக வரைந்தவற்றை ஒரு சர்க்கரைப் பையில் போட்டு எடுத்துவந்தார். அத்தனையும் கோயில் கோபுரங்கள், பாலங்கள், வளைவுச் சாலைகள். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். நான் மட்டும்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தது எவ்வளவு அறியாமை.

அடுத்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை, ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

கடந்த ஆண்டு நாம் அடக்கம் செய்த பெரியவரின் மனைவி அவர்கள். கணவர் எழுபத்தெட்டு வயதில் மரித்தார்; பனையேறியாக வாழ்ந்தவர். "அவியளுக்கு ஒரு நல்ல படம் கிடையாது ஐயா. ரேசன் அட்டையில இருக்கது தபால்தலை மாதிரி இருக்கு. நீங்க வரைஞ்சு தருவியளா?" என்று கேட்டார்கள். பழைய ஸ்டூடியோ புகைப்படம் ஒன்று கொடுத்தார்கள். இளவயதில் எடுத்தது. அதையும், நான்கு ஆண்டுகள் மூன்றாவது வரிசையில் பார்த்த முகத்தையும் சேர்த்து, இரண்டு வாரம் வரைந்தேன். முகம் வரைகிறவர்கள் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள்; கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில்; இருபக்கமும் சமம். அப்படியே செய்தேன். இதுவரை நான் வரைந்த முகங்களில் அதுவே நன்றாக அமைந்தது என்று எண்ணிக்கொண்டு, பழுப்புத்தாளில் சுற்றி எடுத்துப் போனேன்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்கள். "நல்லா இருக்கு ஐயா" என்றார்கள். கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். நான் குடித்து முடித்தபின் மெதுவாகச் சொன்னார்கள்: "கோவிச்சுக்கிடாதிய. இது அவிய இல்ல."

"எங்கே தப்பு அம்மா?"

"தப்பு ஒண்ணுமே இல்லாம இருக்கு. அதான்."

பெரியவர் முப்பது வயதில் பனையிலிருந்து விழுந்தவர். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. இமை பாதி இறங்கியே இருக்கும். நான் இந்தச் சபைக்கு வந்த புதிதில், பிரசங்க வேளையில் தூங்குகிறார் என்று நினைத்ததுகூட உண்டு. ஆகவே தெரியாமல் விட்டதல்ல. தெரிந்தே சரிசெய்தேன். அன்பினால் செய்ததாகவே நினைத்தேன். அந்த அம்மா சொன்னார்கள்: "அந்தக் கண்ணாலதான் நாப்பத்தெட்டு வருசம் என்னப் பாத்தாவ."

அன்றிரவு என்னிடமுள்ள ஒரு பழைய ஓவியப் புத்தகத்தில் ஆல்பிரெக்ட் டூரர் தம் தாயை வரைந்த படத்தைத் தேடி எடுத்தேன். 1514ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூரம்பர்க் நகரத்தில், கரித்துண்டினால் வரைந்தது. தாய்க்கு வயது 63. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். வளர்ந்து ஆளானவர்கள் மூவரே. ஒட்டிய கன்னம், கயிறுபோல் புடைத்த கழுத்து நரம்புகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பார்வையுடைய கண்கள். மகன் எதையும் மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்தத் தாய் மரித்தார். பலமுறை அந்தப் பக்கத்தைக் கடந்து போயிருக்கிறேன், கொஞ்சம் கடுமையான படம் என்று எண்ணி. அன்றிரவு அப்படித் தோன்றவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய சரீரத்திலும் காயத்தின் அடையாளங்கள் இருந்தன என்று ஒவ்வோர் ஆண்டும் தோமாவைப் பற்றிப் பேசும்போது நான் சொல்லுவதுதான். அது ஒரு படத்தைத் திருத்துகிற விஷயத்தில் எனக்கு உதவும் என்று எண்ணியதில்லை.

மறுநாள் புதிய தாளோடு போனேன். மூன்று மாலைகள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்தேன். "இன்னும் கொஞ்சம் எறக்கணும்." "அவ்வளவு இல்ல." "காது இப்படி ஒட்டி இருக்காது." அழித்து அழித்து இடது கண்ணைச் சுற்றித் தாள் நூலாகிவிட்டது. நெஞ்சில் காய்ப்பு இருந்ததைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். நாள் தவறாமல் மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறியதால் வந்தது. சட்டைப் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டேன்.

இரண்டாம் மாலை, பேச்சோடு பேச்சாக, "கோவம் வந்தா அந்தக் கண்ணு இன்னும் மூடிரும். ஒம்பது வருசம் கோயில் பக்கம் போகாம இருந்தாவள்ளா, அப்பம் பாக்கணும்" என்றார்கள். என் பென்சில் நின்றுவிட்டது.

மழை இல்லாத ஆண்டு ஒன்றில், சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவர்களின் பெயர்களை ஆராதனை முடிவில் வாசித்தார்களாம். நான் இங்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன். அன்றைக்கு எழுந்து போனவர் ஒன்பது ஆண்டு வரவில்லை. ஆனால் அந்த ஒன்பது ஆண்டும், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய இரவில் மரம் ஏறிக் குருத்து வெட்டி, விடியுமுன் கோயில் மதில்மேல் வைத்துவிட்டு வந்தவரும் அவரே. பத்தாம் ஆண்டு வெளியே வைக்காமல் உள்ளே கொண்டுபோனார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஏன் என்று மனைவியிடமும் சொல்லவில்லை.

அடக்க ஆராதனையில் நான் என்ன பேசினேன் என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். சிறுவயது முதல் முடிவுவரை ஆலயத்தைவிட்டு விலகாத உண்மையுள்ள ஊழியன் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நானே வைத்துக்கொண்ட வரி அது. நடுவே ஒரு கோடு, இருபக்கமும் சமம். பழைய சபையார் எத்தனைபேர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள்! மூன்றாம் மாலை அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேற யாருக்கோ பேசுதாவன்னு நெனச்சேன் ஐயா. அழுகை வரல்ல. அதுதான் எனக்குச் சங்கடம்" என்றார்கள்.

படம் முடிந்தது. மறுபடியும் வெகுநேரம் பார்த்தார்கள். இம்முறை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் இப்பிடி மொறைக்கிய?" என்று படத்திடம் கேட்டார்கள். சட்டம் போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாம், கண்ணாடி போட்டால் வெளிச்சம் அடித்து முகம் தெரியாது என்றுவிட்டார்கள்.

அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் ஆராதனைக்குப்பின், பெரியவருடைய முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். நான் பேசவேண்டும் என்று குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அந்த அம்மா கேட்டார்கள்: "அந்த ஒம்பது வருசத்தையும் சொல்லுவியளா?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாக்கிப் பட்டியல் வாசித்த அன்று கோயிலில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அதற்கு முன் ஒருநாள் குருமனைக்கு வாருங்கள். எனக்கு இன்னும் சில விவரங்கள் தெரியவேண்டும்.