மிஸஸ் கால்டுவெல்லின் பேர் என்ன?

கால்டுவெல் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட பதில் சொல்வார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1856. இடையன்குடி. மெரினாவில் 1968-ல் வைத்த சிலை. இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும்!

அவர் 1838-ல் சென்னையில் வந்து இறங்கியபோது, இங்கே தெற்கே நாகர்கோவிலில் தமிழ் பேசிக்கொண்டு வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். பின்னாளில் அவருக்கு மனைவியாகப் போகிறவள். அவள் பேர் என்ன?

எலைசா.

இந்த ஒரு பேரைத் தேடிப் போனால் சுவாரசியமான ஒரு சங்கதி தெரியவரும். அவருக்கென்று தனியாக ஏடு எதுவும் இல்லை. வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுடைய காகிதங்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் அப்பாவின் காகிதங்கள். அப்பா சார்லஸ் மால்ட், லண்டன் மிஷன் பாதிரியார். 1819 கடைசியில் மனைவி மார்த்தாவோடு நாகர்கோவில் வந்தார். எலைசா 1822-ல் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. மிஷன் அறிக்கைகளில் மார்த்தாவே "மிஸஸ் மால்ட்" என்றுதான் வருவார். அம்மாவுக்கே இந்தக் கதி என்றால் மகளுக்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் அந்த மிஸஸ் மால்ட் செய்த வேலை சின்ன வேலை இல்லை. பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தினார். இன்றைக்கு நாகர்கோவிலில் இருக்கும் டதி பெண்கள் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். 1821-ல் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு திண்டு, நிறைய குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். இவ்வளவுதான் கருவி. பின்னிய லேஸை வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை இருந்தது. பள்ளியில் லேஸ் பின்னிய அடிமைப் பெண்களில் சிலர், அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலைக்கு மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. தோளை மூடுவதற்கே இங்குள்ள பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், அந்த நூல்கண்டின் கனம் புரியும்.

எலைசா வளர்ந்தது இந்தப் பள்ளிக்கூடத்தின் நடுவில்.

அடுத்தது புருஷனின் காகிதங்கள். 1844-ல் எலைசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் கல்யாணம். அதோடு திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி, கம்பெனி ஆட்சியில் இருந்த திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போகிறார். பனங்காடும் தேரி மணலுமான ஊர். அங்கே பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். லேஸும் கூடவே போயிற்று. ஏழு பிள்ளைகள் பெற்றார். தமிழ்ப் பெண்களிடம் தமிழிலேயே பேசி, நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தார்.

இங்கேதான் தேடுகிறவர்களுக்குத் தலைவலி. அப்பா லண்டன் மிஷன். அந்த ஆவணங்கள் இப்போது லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. கால்டுவெல்லோ கல்யாணத்துக்கு முன்பே அந்த மிஷனை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்துக்கு மாறிவிட்டவர், அந்த ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. ஒரே பெண்ணின் முதல் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஊரில், பிந்தைய ஐம்பத்தைந்து வருஷம் இன்னொரு ஊரில்! இரண்டு இடத்திலும் தேட வேண்டியது அவர் பேரை இல்லை. அங்கே அப்பா பேர், இங்கே புருஷன் பேர்.

மூன்றாவது மருமகனின் காகிதம். கால்டுவெல் 1891-ல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகளை 1894-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் ஜே. எல். வயட், அவருடைய மருமகன். மருமகன் என்றால் நடுவில் ஒரு மகள் இருக்கத்தானே வேண்டும்? அட்டையில் அப்பா பேர் இருக்கிறது, புருஷன் பேர் இருக்கிறது. மகள் பேர் இல்லை. பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடந்ததுதான் பேத்திக்கும்.

எலைசா 1899-ல் இறந்தார். இவ்வளவாவது கண்டுபிடிக்க முடிகிறது என்றால், சுற்றியிருந்த ஆண்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள், அவர்கள் எழுதியதைப் பாதுகாக்க லண்டனில் ஆபீஸ் இருந்தது என்பதால்தான்.

சரி, அதே திண்ணையில் எலைசாவின் அம்மாவிடம் லேஸ் கற்றுக்கொண்ட நம்ம ஊர்ப் பெண்ணை எங்கே தேடுவது?

அது இன்னும் கஷ்டம். அந்தக் கால மிஷன் விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் யாராவது ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர் விரும்பிய பேரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அதனால் அகஸ்தீஸ்வரத்துப் பனையேறியின் மகள், கடல் தாண்டிய ஏதோ ஒரு சீமாட்டியின் பேரோடு பதிவேட்டில் இருக்கலாம். வீட்டில் கூப்பிட்ட பேர் வீட்டோடு போயிற்று.

இருந்தாலும் வழி அடைந்துவிடவில்லை. குமரி மாவட்டத்துப் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் உண்டு. சில வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் பிறப்பு இறப்பு எழுதி வைத்திருப்பார்கள். மற்ற வீடுகளில் ஜாதகக் கட்டு, சொத்து ஆதாரம், ஓலை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய சர்க்கார் ரிக்கார்டுகளைத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும்.

பழைய ஆதாரத்தில் 1019 என்று வருஷம் போட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். ராஜேந்திர சோழன் காலத்துக்கு ஒன்றும் போய்விடவில்லை :-) அது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷம். அந்த வருஷம் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825. ஆக 1019 என்பது 1843 ஆவணியில் தொடங்கி 1844 ஆடியில் முடிகிற வருஷம்.

ஆதாரத்தில் "இன்னார் மகள்", "இன்னார் பாரியாள்" என்று இருந்தால் அதையும் தள்ளிவிடக் கூடாது. எலைசாவே அப்படித்தான் கிடைத்தார். அந்த "இன்னார்" பின்னால் போனால்தான் அவள் வருவாள்.

எல்லாவற்றுக்கும் முந்திய ஆவணம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஆச்சி. அவரிடம் அவருடைய பாட்டியின் பேரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அந்தப் பாட்டிக்கு அவர் பாட்டி சொன்ன பேரும் ஒருவேளை வரும். அங்கிருந்து ஒரே எட்டு வைத்தால் லேஸ் திண்டுகளின் காலம் வந்துவிடும்.

காப்பகங்கள் ஞாயிற்றுக்கிழமை போனால் திங்கட்கிழமை திறக்கும். ஆச்சிகள் அப்படி இல்லை. இந்த லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள்.